ஓரத்தில் இருப்பது எங்கள் ஊர்

தமிழ்ப் படங்களின் வீடியோ உரிமையைக் கையில் வைத்திருப்பவர்களுக்கும், அவற்றை டிவிடியாகவும் ப்ளூரேயாகவும் போடுகிறவர்களுக்கும் குன்னூரிலிருந்து ஒரு திறந்த மடல்

வணக்கம்.

கேசட் காலத்தில் தொடங்கி டிவிடி காலம் முடியும்வரை குன்னூரில் வீடியோ வாடகைக் கடை வைத்திருந்தவன் நான். கடையை மூடியாயிற்று. டிஸ்க்குகள் மட்டும் வீட்டில் ஓர் அறையை அடைத்துக்கொண்டு கிடக்கின்றன. மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை தெரிந்தவர்கள் சிலர் ஒரு ஹாலில் கூடிப் பழைய படம் பார்க்கிறோம். டிஸ்க் கொண்டுபோவது என் பொறுப்பு. "பிரிண்ட் எப்படிண்ணா?" என்று கேட்டால் பதில் சொல்வதும் என் பொறுப்பு.

அந்தக் கேள்விக்கு உங்கள் டிஸ்க்கின் அட்டையை நம்பிப் பதில் சொல்ல முடிவதில்லை. 'வைட்ஸ்கிரீன்' என்று போட்டிருப்பீர்கள். உள்ளே சினிமாஸ்கோப் படத்தின் இரண்டு பக்கமும் வெட்டப்பட்டிருக்கும். 'டிஜிட்டல் ரீமாஸ்டர்' என்று தங்க எழுத்தில் மின்னும். உள்ளே நடிகர்கள் முகத்தில் தோலே இருக்காது, வழவழவென்று ஒரு பூச்சுதான் இருக்கும். இதைப் பற்றி விவரமாகவே பேச வேண்டும் என்றுதான் எழுதுகிறேன். கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எல்லாம் ஆன்லைனிலேயே கிடைக்கிறது, இன்னும் டிஸ்க் எதற்கு என்று கேட்பீர்கள். மலையில் இருந்து பார்த்தால் தெரியும். ஐப்பசி, கார்த்திகையில் குன்னூர், கோத்தகிரிப் பக்கம் மழை பிடித்துக்கொண்டால் எங்கேயாவது ஒரு மரம் ரோட்டில் விழும், அதோடு கேபிளும் போகும். நெட் இருக்கிற நாளிலும், வேகம் குறைந்தால் ஸ்ட்ரீமிங் தானாகவே படத்தின் தரத்தைக் குறைத்துக்கொள்ளும். டிஸ்க்கில் அந்த வம்பு இல்லை. அதில் என்ன பதிந்திருக்கிறதோ அதுதான் எப்போதும் வரும். நல்லதைப் பதிந்தால் நல்லது, மோசத்தைப் பதிந்தால் ஆயுசுக்கும் மோசம். (ஈரத்தில் அட்டையெல்லாம் பூஞ்சை பிடிப்பது எங்கள் தலையெழுத்து. மெல்லிய துணியால் நடுவிலிருந்து ஓரத்துக்கு நேராகத் துடைத்து வைத்துக்கொள்கிறோம். அதற்கெல்லாம் உங்களைக் குறை சொல்ல மாட்டேன்.)

எங்களுக்கு இதில் இன்னொரு அக்கறையும் உண்டு. தொட்டபெட்டா, கேத்தி, லவ்டேல் ஸ்டேஷன், பைக்காரா, அவலாஞ்சி, சிம்ஸ் பார்க் என்று அரை நூற்றாண்டுக்கு மேலாக இங்கே சினிமா கேமரா வந்து போய்க்கொண்டிருக்கிறது. நடுவில் ஆடுகிறவர்களை ஊர் உலகமே பார்க்கிறது. நாங்கள் ஓரத்தைப் பார்ப்போம். இன்றைக்கு லாட்ஜும் காட்டேஜும் நிற்கிற சரிவில் அன்றைக்கு என்ன இருந்தது, எந்தத் தோட்டம், எந்த மரம், எந்த வளைவு என்று பார்ப்போம். எங்கள் கூட்டத்தில் அரசுத் தேயிலைக் கழகமான டான்டீயின் தோட்டத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஓர் அக்கா இருக்கிறார். ஒரு பாட்டு ஓடிக்கொண்டிருந்தபோது திடீரென்று, "அண்ணா, கொஞ்சம் நிறுத்துங்க. அந்த இடது பக்கம், கீழே... அது எங்க லைன் வீடு" என்றார். நிறுத்தினேன். ஹீரோவுக்கு வெகுதூரம் பின்னால், படத்தின் இடது ஓரத்தில், தகரக் கூரை போட்ட ஒரு வரிசை வீடுகள். ஒரு வீட்டு வாசலில் கொடியில் துணி காய்கிறது. அந்த லைன் இப்போது இல்லை. அவரிடம் அதன் போட்டோவும் இல்லை.

அதே படம் பிறகு 'ரீமாஸ்டர்' ஆகி வந்தது. அக்காவுக்காகவே வாங்கிப் போட்டேன். படம் டிவி முழுக்க நிறைந்து பளிச்சென்று இருந்தது. அந்த லைன் வீடுகளைத் தேடினோம், இல்லை. இடது ஓரத்தையே வெட்டிவிட்டார்கள். "வீட்டை இடிச்சது பத்தாதுன்னு படத்திலயும் இடிச்சுட்டாங்களா?" என்று கேட்டுவிட்டு அக்கா சிரித்தார். அந்தக் கேள்வியை உங்களுக்கு அனுப்பிவைக்கிறேன்.

கணக்கைப் பார்ப்போம். சினிமாஸ்கோப் படத்தின் அகலம் அதன் உயரத்தைப்போல் 2.35 மடங்கு. 1970-களிலிருந்து அது 2.39 ஆனாலும் பேச்சில் இன்னும் 2.35 என்றே சொல்கிறோம். இன்றைய டிவியின் அகலம் உயரத்தைப்போல் 1.78 மடங்குதான். அதை மேலும் கீழும் நிறைக்க வேண்டும் என்று பக்கங்களை வெட்டினால் படத்தில் நூற்றுக்கு 24 பங்கு போய்விடும். பழைய பெட்டி டிவிக்காக 4:3-க்கு, அதாவது அகலம் உயரத்தைப்போல் 1.33 மடங்குக்கு, வெட்டிய டிஸ்க்குகளில் 43 பங்கு போயிற்று. கிட்டத்தட்டப் பாதிப் படம். காதலனும் காதலியும் ஆளுக்கொரு ஓரத்தில் நின்று, நடுவில் பள்ளத்தாக்கை விட்டு எடுத்த ஷாட்டில் மிஞ்சுவது பள்ளத்தாக்கும் இரண்டு மூக்கும்தான்.

இதில் வேடிக்கை என்னவென்றால், சினிமாஸ்கோப் பிறந்ததே டிவியை எதிர்த்துத்தான். அமெரிக்காவில் வீட்டுக்கு வீடு டிவி வந்து தியேட்டர் கூட்டம் குறைந்தபோது, வீட்டுப் பெட்டியால் காட்ட முடியாத அகலத்தைக் காட்டுகிறோம் என்று 1953-ல் 'தி ரோப்' படத்தோடு அதைக் கொண்டுவந்தார்கள். நமக்கு அது வந்து சேர இருபது வருஷம் ஆயிற்று. 1973-ல் வந்த 'ராஜ ராஜ சோழன்'தான் முதல் தமிழ் சினிமாஸ்கோப் படம். தியேட்டரில் ஸ்கோப் படம் என்றால் திரையின் இரண்டு பக்கத் துணியும் விலகி வெள்ளைத் திரை அகலும். ஊட்டி அசெம்பிளி ரூம்ஸ் தியேட்டரில் ஆங்கிலப் படம் பார்த்து வளர்ந்தவர்களைக் கேட்டால் சொல்வார்கள். டிவியை எதிர்த்து அகலமாக்கியதை டிவிக்காகவே வெட்டுகிறீர்கள்.

சரி, வெட்டாமல் போட்ட டிஸ்க்குகளைப் பற்றி. அதிலும் ஒரு வேலை நடந்திருக்கிறது. அகலத்தை அப்படியே வைத்திருப்பீர்கள், ஆனால் கருப்புப் பட்டைகளோடு சேர்த்து 4:3 சட்டத்துக்குள் அடக்கிப் பதிந்திருப்பீர்கள். இன்றைய டிவியில் போட்டால் நாலு பக்கமும் கருப்பு, நடுவில் தபால்தலை அளவுக்குப் படம். நம் ஊர் டிவி முறையான பால் (PAL) முறை டிவிடியில் மொத்தம் 576 வரிகள். ஸ்கோப் படத்தை இப்படிப் பதிந்தால் அதில் 327 வரிகள்தான் படத்துக்கு. மிச்சம் எல்லாம் கருப்பைப் பதியச் செலவு. அதையே அனமார்ஃபிக் முறையில், அதாவது அகல டிவிக்கென்று பக்கவாட்டில் நெருக்கிப் பதிந்தால், 436 வரிகள் படத்துக்குக் கிடைக்கும். மூன்றில் ஒரு பங்கு கூடுதல் விவரம், அதே டிஸ்க்கில், அதே விலையில். ப்ளூரேயில் இந்தக் கணக்கு 817 வரிகளுக்குப் போகிறது. டிவிடியில் தூரத்துச் சரிவில் தேயிலை பறிப்பவர் ஒரு புள்ளி. ப்ளூரேயில் அவர் முதுகில் கூடை இருப்பது தெரியும்.

என்னிடம் தையல்காரர் டேப் ஒன்று எப்போதும் டிவி பக்கத்தில் இருக்கும். 43 இஞ்ச் டிவியின் திரை சுமார் 95 சென்டிமீட்டர் அகலம், 53 சென்டிமீட்டருக்குச் சற்று மேல் உயரம். ஸ்கோப் படம் ஒழுங்காக வந்தால் அகலம் முழுக்க நிறைந்து உயரம் நாற்பதரை சென்டிமீட்டர் இருக்கும். மேலும் கீழும் ஆறரை ஆறரை கருப்பு. கருப்பே இல்லையென்றால் வெட்டியாயிற்று. பக்கத்திலும் கருப்பு இருந்தால் பழைய சட்டத்துக்குள் அடக்கியது. படம் நிறைந்திருக்கிறது, ஆனால் ஆட்கள் எல்லாரும் குண்டாக இருக்கிறார்கள் என்றால் 4:3 படத்தை இழுத்துப் போட்டிருக்கிறீர்கள். அதற்கு எங்கள் மலை ரயில் போதும். சக்கரம் நேர்ப் பக்கவாட்டில் தெரிகிற இடத்தில் நிறுத்தி, குறுக்கே ஓர் அளவு, நெடுக்கே ஓர் அளவு. இரண்டும் ஒன்றாக இல்லாவிட்டால் டிஸ்க் பொய் சொல்கிறது.

இப்படி அளந்து பார்த்துவிட்டு ஒருமுறை அட்டையில் இருந்த எண்ணுக்குப் போன் செய்தேன். எந்த நிறுவனம் என்று சொல்லப்போவதில்லை, ஒரு நிறுவனத்தோடு முடிகிற விஷயம் இல்லை இது. அனமார்ஃபிக் டிஸ்க், ஆனால் இது அகலப் படம் என்று பிளேயருக்குச் சொல்லும் குறிப்பைச் சேர்க்க மறந்திருந்தார்கள். ஆட்கள் எல்லாரும் தூண் தூணாக நீண்டு நின்றார்கள். எடுத்தவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "சார், உங்க டிவி செட்டிங்ல பாருங்க" என்றார். மற்ற டிஸ்க்கெல்லாம் சரியாக வருகிறதே என்றேன். "அப்ப பிளேயரைப் பாருங்க" என்றார். பிறகு லைன் கட்டாயிற்று. அவர் மேல் கோபமில்லை. அவருக்கு அந்த டிஸ்க்கில் என்ன இருக்கிறது என்று யாரும் சொல்லிக்கொடுத்திருக்க மாட்டார்கள்.

அகலத்துக்கு அடுத்தது இடம். நம் படங்கள் இரண்டரை மணி நேரம் ஓடுகின்றன. இரட்டை அடுக்கு டிவிடியில் 8.5 ஜிபி இடம். ஒரே படத்தை அதில் வைத்தால் நொடிக்குச் சராசரி 7.5 மெகாபிட் தரவு கிடைக்கும். படத்துக்கு டிவிடி தாங்கும் உச்சமே 9.8 தான், ஆக இது தாராளம். 4.7 ஜிபி ஒற்றை அடுக்கு டிஸ்க் என்றால் 4.2-க்கு இறங்கும், சமாளிக்கலாம். நீங்களோ 'த்ரீ இன் ஒன்' என்று மூன்று படத்தை ஒரே டிஸ்க்கில் திணிக்கிறீர்கள். ஒலியையும் சேர்த்து நொடிக்கு 2.5 மெகாபிட். அந்த விலைக்கு வாங்கியவன் கேள்வி கேட்கக் கூடாது என்பது உங்கள் நினைப்பு. கடைக்காரனாக நானும் அதை விற்றிருக்கிறேன், நன்றாகவே விற்கும். ஆனால் அந்த டிஸ்க்கில் ஊட்டியைப் பார்க்க முடியாது.

ஏன் என்றால் மூடுபனி. எந்த டிஸ்க் வந்தாலும் நான் முதலில் தேடுவது பனி இருக்கிற ஷாட்டைத்தான். சண்டைக்காட்சியிலோ கலர் கலரான செட்டிலோ டிஸ்க்கின் குறை மறைந்துவிடும், கண் வேறெங்கோ இருக்கும். பனியில் மறைய இடமில்லை. கேத்திப் பள்ளத்தாக்கில் காலையில் பனி ஏறுவதைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அதில் வெள்ளை என்று ஒரு நிறம் கிடையாது. வெள்ளையிலிருந்து சாம்பலுக்கும், சாம்பலிலிருந்து நீலத்துக்கும் எங்கே மாறுகிறது என்று விரல் வைத்துக் காட்ட முடியாதபடி மாறும். டிஸ்க்குக்கு அங்கேதான் திணறல். டிவிடியில் படத்தைச் சுருக்கிப் பதியும் முறை, அதாவது கம்ப்ரஷன், படத்தை எட்டுக்கு எட்டுப் புள்ளிச் சதுரங்களாகப் பிரித்து வேலை செய்கிறது. நொடிக்குக் கிடைக்கிற மெகாபிட் போதாவிட்டால் ஒவ்வொரு சதுரத்துக்கும் ஒரே சாம்பல் நிறத்தைப் பூசிவிட்டுப் போய்விடும். பனி நகரும்போது சதுரம் சதுரமாக உடைந்து குதிக்கும். ப்ளூரேயில் இடம் இருப்பதால் சதுரம் தெரியாது, ஆனால் இன்னொன்று வரும். டிவிடி, ப்ளூரே இரண்டிலும் கருப்பிலிருந்து வெள்ளைவரை இருப்பது இருநூற்றுச் சொச்சம் படிகள்தான். பனி அதில் சின்னப் பகுதியை மட்டும் பயன்படுத்துகிறது. எனவே படிகளுக்கு நடுவே கோடு தெரியும், வானத்தில் வயல்வரப்பு போட்டமாதிரி. 4கே டிஸ்க்கில் படிகள் அதைப்போல் நான்கு மடங்கு இருப்பதால் இது பெருமளவு தீர்ந்துவிடுகிறது. நம் பழைய படங்கள் அந்த டிஸ்க்கில் வந்து, அதை என் கண்ணால் பார்க்கிற நாளுக்குக் காத்திருக்கிறேன்.

இங்கேதான் ஒரு முக்கியமான விஷயம். அந்த வரப்புக் கோடுகளைப் பாதி நீங்களே உண்டாக்குகிறீர்கள். ஃபிலிமில் எடுத்த படத்தில் எப்போதும் மெல்லிய மணல்போல் ஒரு துடிப்பு இருக்கும், கிரெய்ன் என்பார்கள். அது இருக்கிறவரை அடுத்தடுத்த படிகள் ஒன்றோடொன்று கலந்து கண்ணுக்கு வழுக்கிக்கொண்டு போகும். 'சுத்தம்' செய்கிறோம் என்று மென்பொருளில் போட்டு அதைத் துடைத்ததும் படிகள் அப்பட்டமாகத் தெரிகின்றன. கூடவே தேயிலை இலைகள், மரப்பட்டை, முகத்தின் துளைகள், பட்டுப்புடவையின் இழை எல்லாம் போய்விடுகின்றன. அவை கிரெய்ன் அளவே நுட்பமானவை, மென்பொருளுக்கு இரண்டும் ஒன்றுதான். பிறகு படம் மங்கலாக இருக்கிறதே என்று ஷார்ப்னஸை ஏற்றுகிறீர்கள். உடனே கற்பூர மரத்தின் (யூகலிப்டஸைத்தான் இங்கே அப்படிச் சொல்வோம்) கரிய தண்டை ஒட்டி மேலிருந்து கீழ்வரை ஒரு வெள்ளைக் கோடு. மலை முகட்டுக்கு மேலே இன்னொரு மலை முகடு, ஒளியில் வரைந்தது. எங்கள் மலைகளுக்கு அப்படி இரட்டைக் கோடு கிடையாது.

இதை நீலகிரிக்காரன் சொல்வதற்கு ஒரு பாத்தியதை உண்டு. ஊட்டியில் இந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸ் தொழிற்சாலை இருந்தது. 1967-ல் உற்பத்தி தொடங்கியது. 'இந்து' என்ற பெயரில் கருப்பு வெள்ளை ஃபிலிமும் எக்ஸ்ரே ஃபிலிமும் போட்டோ பேப்பரும் அங்கிருந்து நாடு முழுக்கப் போயின. தூசியில்லாத குளிர்ந்த காற்று ஃபிலிம் தயாரிக்க ஏற்றது. அந்தத் தொழிற்சாலையைச் சுற்றி வளர்ந்த குடியிருப்புதான் இந்து நகர். தொழிற்சாலை மூடிவிட்டது, ஊர்ப் பெயர் இருக்கிறது. அங்கே வேலை பார்த்தவர்கள் என் கடைக்கு வாடிக்கை. ஃபிலிம் மேல் இருக்கிற வெள்ளி உப்புத் துகள்களிலிருந்துதான் படமே உருவாகிறது, துகள் இல்லாமல் படம் இல்லை என்று அவர்கள்தான் எனக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். நீங்கள் அழுக்கு என்று நினைத்துத் துடைப்பது படத்தைத்தான். ஃபிலிமில் விழுந்த கீறலை எடுங்கள், தூசியை எடுங்கள், ஒட்டுப்போட்ட இடத்தின் குதிப்பைச் சரிசெய்யுங்கள், கும்பிடுகிறேன். கிரெய்னை விட்டுவிடுங்கள்.

நிறம் பற்றிக் கொஞ்சம். 1980-களின் தொடக்கம்வரை வந்த ஈஸ்ட்மென்கலர் பிரிண்டுகளில் காலப்போக்கில் சயான் சாயம் முதலில் மங்கும், படம் இளஞ்சிவப்பாகும். தேயிலைத் தோட்டம் காய்ந்த புல்லாகத் தெரியும். அதை டிஸ்க்குக்கு மாற்றும்போது சரிசெய்யச் சிலர் பச்சையை ஒரேயடியாக ஏற்றிவிடுகிறார்கள், அப்புறம் நடிகையின் முகத்திலும் பச்சை. என் அளவுகோல் எளிது: எங்கள் தேயிலையில் கொழுந்து வெளிர்பச்சை, அடியிலை கரும்பச்சை. இரண்டும் தனித்தனியாகத் தெரிகிறதா? பக்கத்தில் நிற்கிறவரின் தோல் தோல் நிறத்தில் இருக்கிறதா? இரண்டுக்கும் ஆமாம் என்றால் நிறம் பார்த்தவர் கெட்டிக்காரர்.

நீங்கள் எதிலிருந்து எடுத்தீர்கள் என்பதும் மறைவதில்லை. ரீல் முடிகிற இடத்தில் படத்தின் வலது மேல்மூலையில் ஒரு வட்டப்புள்ளி சட்டென்று வந்து போனால் அது தியேட்டரில் ஓடிய பிரிண்ட். ஆபரேட்டருக்கு அடுத்த புரொஜெக்டரை ஓட்டு என்று சொல்கிற புள்ளி அது. பிரிண்டிலிருந்து எடுத்தால் இருட்டுப் பகுதிகள் கரிபோல் அடைத்திருக்கும், கேமராவில் ஓடிய மூல ஃபிலிமான நெகட்டிவிலிருந்து எடுத்தால் நிழலுக்குள்ளும் விவரம் தெரியும். பல படங்களுக்கு நெகட்டிவே மிஞ்சவில்லை என்பது எனக்குத் தெரியும். பிரிண்டிலிருந்து எடுத்ததில் வெட்கப்பட ஒன்றுமில்லை. அட்டையில் சொல்லாததுதான் தவறு.

உங்கள் பக்கமும் பேச வேண்டும், இல்லாவிட்டால் நியாயமாகாது. எல்லாக் குறையும் டிஸ்க்கின் குறை அல்ல. பழைய அனமார்ஃபிக் லென்ஸில் (அகலக் காட்சியை ஃபிலிமில் நெருக்கிப் பதிகிற கேமரா லென்ஸ், டிஸ்க்கில் பதியும் முறை வேறு) எடுத்த படத்தில் ஓரங்கள் சற்று மங்கலாகத்தான் இருக்கும். நேராக நிற்கிற சில்வர் ஓக் மரம் படத்தின் ஓரத்தில் லேசாக வளையும். பின்னால் இருக்கிற விளக்குகள் முட்டை வடிவில் தெரியும், வண்டியின் ஹெட்லைட் குறுக்கே நீலக் கோடாகச் சிதறும். அதெல்லாம் கேமராமேன் பார்த்துச் சம்மதித்தது. அதைக் குறை என்று எழுதுகிறவர்களையும், அதைப் படித்துவிட்டு 'சரி'செய்யக் கிளம்புகிற உங்கள் ஆட்களையும் பார்த்தால் எனக்குப் பயமாக இருக்கிறது. அதேபோல், பிற்காலத்தில் சூப்பர் 35 முறையில் எடுத்த படங்களில் மேலும் கீழும் கூடுதல் படம் நெகட்டிவிலேயே இருக்கும். தியேட்டரில் அது மறைக்கப்படும். அதைத் திறந்து டிவி நிறையக் காட்டினால் கூடுதலாகக் கொடுத்தமாதிரி தோன்றும். மைக்கும் தெரியும், டிராலிப் பாதையும் தெரியும், கேமராமேன் கட்டிய சட்டமும் கலையும்.

பார்க்கிறவர்கள் பக்கமும் தப்பு உண்டு. புது டிவி கடையிலிருந்து வரும்போதே கண்ணைப் பறிக்கும் மோடில்தான் வரும். ஷார்ப்னஸ் ஏற்றப்பட்டிருக்கும், அசைவைச் சீராக்குகிறேன் என்று 24 ஃப்ரேம் படத்தை அது சீரியல் மாதிரி ஆக்கியிருக்கும், ஓவர்ஸ்கேன் என்று நாலு பக்கத்திலும் ஒரு விரல் அளவு தின்றிருக்கும். இவற்றை அணைத்து, 'சினிமா' மோடுக்கு மாற்றி, திரை உயரத்தைப்போல் மூன்று மடங்கு தூரத்தில் உட்கார்ந்து பார்த்த பிறகுதான் டிஸ்க்கைத் திட்டலாம். 43 இஞ்ச் டிவிக்கு அது ஒன்றரை மீட்டருக்குச் சற்று மேல். நம் வீடுகளில் சோபா அந்த வாசற்படிப் பக்கம் இருக்கும், என்ன செய்வது.

வேகத்தையும் சொல்லிவிடுகிறேன். பால் டிவிடியில் 24 ஃப்ரேம் படம் நொடிக்கு 25 ஃப்ரேமாக ஓடுகிறது. 150 நிமிடப் படம் 144 நிமிடத்தில் முடியும். சுருதியைத் திருத்தாமல் விட்டால் பாட்டின் சுருதி காதுக்குத் தெரிகிற அளவுக்கு ஏறிவிடும். இசை தெரிந்தவர்கள் எங்கள் கூட்டத்தில் இருவர் உண்டு, முகம் சுளிப்பார்கள். ப்ளூரேயில் 24-ஐ 24-ஆகவே பதியலாம்.

இனி, நீங்கள் எப்போதும் சொல்கிற காரணம்: "ஜனங்க கருப்புப் பட்டை வந்தா காசு திருப்பிக் கேக்கறாங்க." உண்மைதான். கடையில் என்னிடமும் கேட்டிருக்கிறார்கள். "பாதி டிவி கருப்பா இருக்கு, டிஸ்க் ரிப்பேரா?" அப்போது நான் செய்தது ஒன்றுதான். ஒரே ஷாட்டை வெட்டியதும் வெட்டாததுமாக இரண்டு டிஸ்க்கில் போட்டுக் காட்டுவேன். வெட்டியதில் ஒருத்தி தனியாகப் பேசிக்கொண்டிருப்பாள். வெட்டாததில் அவள் யாரிடம் பேசுகிறாள் என்பது தெரியும். அதற்குப் பிறகு யாரும் கருப்பைப் பற்றிக் கேட்டதில்லை. நீங்கள் டிஸ்க்கின் ஆரம்பத்தில் இருபது நொடி இதைப் போட்டுக் காட்டலாம். அந்த இடத்தில் இப்போது முன்னால் தாண்டவும் முடியாத விளம்பரம் ஓடுகிறது.

கேட்பது பெரிய காரியம் இல்லை. பின்னட்டையில் கதைச்சுருக்கத்தை இரண்டு வரி குறைத்துவிட்டு, படத்தின் அகல விகிதம் என்ன, அனமார்ஃபிக்கா இல்லையா, நெகட்டிவிலிருந்து எடுத்ததா பிரிண்டிலிருந்தா, டிஸ்க் ஒற்றை அடுக்கா இரட்டையா என்று உண்மையைப் போடுங்கள். 'வைட்ஸ்கிரீன்' என்ற வார்த்தையை மட்டும் போடுவதாக இருந்தால் அதைப் போடவே வேண்டாம். ஒரு டிஸ்க்கில் ஒரு படம். படத்துக்குள் உங்கள் லோகோ வேண்டாம். ஸ்கோப் படத்தில் அதற்கென்றே கீழே கருப்புப் பட்டை காலியாக இருக்கிறதே, ஆசையென்றால் அங்கே வையுங்கள். அந்தப் படத்தின் கேமராமேன் நம்மோடு இருந்தால் டிஸ்க் அச்சாவதற்கு முன் அவரை ஒருமுறை பார்க்கச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் அவரிடம் உதவியாளராக இருந்த யாராவது சென்னையில் இருப்பார்கள். பெரிய திரையில் போட்டுக் காட்டுங்கள், அலுவலக கம்ப்யூட்டரில் வேண்டாம்.

எனக்கு இரண்டில் ஒன்றுதான் கிடைக்கும் என்றால், கீறலும் தூசியுமாக முழு அகலத்தோடு வருகிற படத்தைத்தான் எடுத்துக்கொள்வேன். கீறலைப் பின்னால் வருகிற யாராவது சரிசெய்துகொள்ளலாம். வெட்டிய டிஸ்க்கிலிருந்து அந்த ஓரத்தை யாரும் எடுக்க முடியாது.

கடைசியாக ஒரு வேண்டுகோள். வெட்டிய அந்த டிஸ்க்கின் மாஸ்டர் உங்களில் ஒருவரிடம் இருக்கிறது. வெட்டுவதற்கு முன் ஸ்கேன் செய்த முழு அகல ஃபைலும் கட்டாயம் இருந்திருக்கும். அதை அழித்துவிடாதீர்கள். திருத்தி மறுபடி டிஸ்க் போடும் எண்ணம் இருந்தால், பழையதை வாங்கியவர்களிடம் அதைத் திரும்ப எடுத்துக்கொண்டு, வித்தியாசத்தை மட்டும் வாங்கிக்கொண்டு புதியதைக் கொடுங்கள். என்னிடம் மட்டுமே இரண்டு பிரதி இருக்கிறது. கூரியர் செலவை நானே ஏற்றுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
பழைய வீடியோ கடைக்காரன்,
குன்னூர், நீலகிரி